சிஎன்ஜி கார் வாங்கலாமா? முதலில் பங்க்கைப் பாருங்கள்

ஷோரூமில் உட்கார வைத்து காபி கொடுத்துவிட்டு அவர்கள் சொல்லும் முதல் எண் மைலேஜ். ‘கிலோவுக்கு 34 கிலோமீட்டர் சார்!’ பெட்ரோல் வண்டியில் பதினைந்து, பதினாறு என்று பார்த்துப் பழகியவருக்கு இது லாட்டரி அடித்த மாதிரி இருக்கும். சிஎன்ஜி எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டியால் பணம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு, எப்போது மிச்சமாகும் என்பது அந்த எண்ணில் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து பங்க் எவ்வளவு தூரம், அங்கே காத்திருப்பு எவ்வளவு, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை காரில் தொடங்கவில்லை. காருக்குக் கடைசியாக வருவோம்.

எந்த கேஸ் என்பதில் தெளிவு வேண்டும்

நம் ஊரில் ‘கேஸ் வண்டி’ என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சென்னையில் பல ஆண்டுகளாக ஓடும் ஆட்டோக்களில் நிறைய எல்பிஜி ஆட்டோக்கள். எல்பிஜி என்பது புரோபேன், பியூட்டேன் கலவை. சமையலறைக்கு வருவதும் இந்த வகைதான். கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும், காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும்.

சிஎன்ஜி வேறு சரக்கு. பெரும்பகுதி மீத்தேன். சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. அதனால் வாயுவாகவே 200 பார் அழுத்தத்தில், அதாவது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு அழுத்தத்தில், கனத்த இரும்பு உருளைக்குள் அடைக்கிறார்கள். காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும். ஒன்றின் பங்க்கில் மற்றதை நிரப்ப முடியாது, ஒன்றின் கிட், அதாவது வாயுவில் ஓட வண்டியில் பொருத்தும் கருவித் தொகுப்பு, மற்றதற்கு உதவாது. கைபேசி வரைபடத்தில் ‘கேஸ்’ என்று தேடினால் இரண்டையும் கலந்துதான் காட்டும், வீட்டு சிலிண்டர் ஏஜென்சியையும் சேர்த்து. முதல் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பங்க்கை நேரில் போய்ப் பாருங்கள்

தமிழ்நாட்டுக்கு இந்த எரிவாயு பரவலாக வரத் தொடங்கியது அண்மைக்காலத்தில்தான். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் மைனஸ் 162 டிகிரி குளிரில் திரவமாக வரும் வாயுவை அங்கே மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். இராமநாதபுரம், காவிரிப் படுகைப் பகுதிகளில் நம் மண்ணிலேயே கிணறுகள் உண்டு. மாவட்டம் மாவட்டமாகத் தனித்தனி நிறுவனங்களுக்கு விநியோக உரிமை தரப்பட்டிருப்பதால், ஒரு மாவட்டத்தில் பங்க் நெருக்கமாக இருக்கும், எல்லை தாண்டினால் இடைவெளி விழும். விலைகூட மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

பங்க் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அது எந்த வகை பங்க் என்று பாருங்கள். குழாய் நேராக வந்து சேரும் பங்க்கில் வாயு தட்டுப்பாடு குறைவு, அழுத்தமும் ஒரே சீராக இருக்கும். குழாய் வராத இடங்களுக்கு, வேறொரு பெரிய நிலையத்தில் நிரப்பிய உருளைகளை அடுக்கி லாரியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த அடுக்கிலிருந்துதான் உங்கள் வண்டிக்குப் போகும். காலையில் லாரி வந்ததும் அழுத்தம் நன்றாக இருக்கும். பத்து வண்டி, இருபது வண்டி நிரப்பியபின் அடுக்கின் அழுத்தமே இறங்கிவிடும். அங்கே அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்டர் இயந்திரம் இருந்தால் சமாளிக்கும். இல்லையென்றால் உங்கள் உருளை பாதியிலேயே நின்றுவிடும். லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ‘கேஸ் இல்லை’ என்று அட்டை தொங்கும்.

இதையெல்லாம் விநியோக நிறுவனத்தின் செயலியில் பார்க்க முடியாது. நீங்கள் வழக்கமாக நிரப்பப்போகும் நேரத்தில், வண்டி வாங்குமுன்பே, இரண்டு மூன்று முறை போய் நின்று பாருங்கள். வரிசையில் நிற்கும் ஆட்டோக்காரரிடம் “அண்ணா, இங்க பிரஷர் எப்படி?” என்று கேளுங்கள். “காலைல வாங்க, சாயந்திரம் வேஸ்ட்டு” என்றோ, “இங்க வேணாம், பைபாஸ்ல இருக்கறதுக்குப் போங்க” என்றோ ஒரே வரியில் சொல்லிவிடுவார். எந்தச் செயலியைவிடவும் அவர் சொல்வதை நான் நம்புவேன். தினமும் அவருடைய பிழைப்பே அந்த அழுத்தத்தில்தான் ஓடுகிறது.

நிரப்புவதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான், வரிசைதான் நேரத்தைத் தின்னும். ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்கள் ஷிப்ட் மாறும் வேளையில் போனால் அரை மணி நேரம் போனாலும் வியப்பில்லை. உங்கள் அன்றாட வழியில், சுற்றிப் போகாமல், இரண்டு பங்க்காவது இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் எட்டு கிலோமீட்டர் எதிர்த்திசையில் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டு பெட்ரோல் மாடலையே பதிவு செய்யலாம்.

கணக்கைப் பேப்பரில் போடுங்கள்

34 கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்று முதலில் புரிந்துகொள்வோம். மாருதி வேகன் ஆரின் 1 லிட்டர் எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் லிட்டருக்கு 24.35, சிஎன்ஜியில் கிலோவுக்கு 34.05. எஞ்சின் திடீரென்று சிக்கனமாகிவிடவில்லை. ஒரு கிலோ இயற்கை எரிவாயுவில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பெட்ரோலை லிட்டரில் விற்கிறார்கள், இதை எடையில் விற்கிறார்கள், அவ்வளவுதான். எனவே மைலேஜ் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நகர நெரிசலில் கம்பெனி சொன்ன மைலேஜ் கிடைக்காது. பெட்ரோலில் 18, சிஎன்ஜியில் 25 என்று எடுத்துக்கொள்ளலாம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 61 காசு. சிஎன்ஜிக்கு 3 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய். சிஎன்ஜி மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 95,000 என்றால், அதை மீட்க 47,500 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

இனி உங்கள் ஓட்டத்தை அதில் பொருத்துங்கள். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓட்டும் டாக்சிக்காரருக்கு ஒன்றரை ஆண்டு சொச்சத்தில் போட்ட பணம் வந்துவிடும், அதற்கப்புறம் எல்லாம் லாபம். தினமும் தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குப் போய்வந்து மாதம் 1,200 ஓட்டுபவருக்கு மூன்றே கால் ஆண்டு. கார் பெரும்பாலும் வீட்டு வாசலில் நின்று, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மாதம் ஒருமுறை ஊருக்கும் போய்வரும் குடும்பத்துக்கு, மாதம் 400 கிலோமீட்டர் என்றால், பத்து ஆண்டு. அதற்குள் காரையே மாற்றிவிடுவீர்கள். வங்கிக் கடனில் வாங்கினால் கூடுதல் தொகைக்கான வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். மீட்கும் காலம் இன்னும் தள்ளிப்போகும்.

என் கணிப்பில் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர்கள் சிஎன்ஜிக்குப் போகத் தேவையில்லை. ‘எப்போதாவது நிறைய ஓட்டுவேன்’ என்று மனக்கணக்கு போடாதீர்கள். போன வருட சர்வீஸ் பில்லில் இருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

விலை இப்படியே இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இந்தியா பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி. 2021 தொடக்கத்தில் டெல்லியில் கிலோ 43 ரூபாய் அளவில் இருந்த சிஎன்ஜி, 2022 முடிவதற்குள் 79 ரூபாயைத் தாண்டியது. உக்ரைன் போரும் உலகச் சந்தையும் செய்த வேலை. 2023 ஏப்ரலில் உள்நாட்டு வாயுவின் விலையைக் கச்சா எண்ணெயோடு இணைத்து ஒரு உச்சவரம்பும் வைத்தபிறகு ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. உங்கள் கணக்கில் சிஎன்ஜி விலையைப் பத்து ரூபாய் ஏற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டுப்படியானால் துணிந்து இறங்கலாம்.

டிக்கியும் பிக்கப்பும்

வழக்கமான சிஎன்ஜி காரில் 60 லிட்டர் கொள்ளளவுள்ள உருளை டிக்கியில் படுத்திருக்கும். அதற்குமேல் ஒரு முதுகுப்பை, காய்கறிப் பை வைக்கலாம். ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் பின்சீட்டுக்கு வந்துவிடும், பின்சீட்டில் உட்கார வேண்டியவர் சூட்கேஸை மடியில் வைத்துக்கொள்வார். குடும்பத்தோடு அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கு இதுதான் மிகப்பெரிய இடைஞ்சல், மற்றதெல்லாம் அப்புறம். இதற்கு மாற்றாக டாடா 2023-இல் அல்ட்ராஸ் காரில் இரண்டு 30 லிட்டர் உருளைகளை டிக்கியின் தரைக்கடியில் பதுக்கிவைத்தது. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போனது. 2024-இல் ஹூண்டாயும் எக்ஸ்டரில் இரட்டை உருளைக்கு வந்தது. டிக்கி முக்கியம் என்றால் இந்த அமைப்புள்ள வண்டிகளை மட்டும் பாருங்கள்.

60 லிட்டர் என்றதும் 60 கிலோ பிடிக்கும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது உருளைக்குள் பிடிக்கும் தண்ணீரின் அளவு. 200 பாரில் வாயு ஒன்பது கிலோ சொச்சம் கொள்ளும், நடைமுறையில் ஏழரை முதல் எட்டரை கிலோவரைதான் ஏறும். வேகமாக நிரப்பும்போது உருளைக்குள் வாயு சூடாகி விரிவதால், அழுத்தமானி 200 காட்டினாலும் உள்ளே இருப்பது குறைவு. சித்திரை வெயிலில் மதியம் நிரப்புவதைவிட விடியற்காலையில் நிரப்பினால் அரை கிலோ கூடுதலாக ஏறக்கூடும். ஒரு நிரப்புக்கு நகரத்தில் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பெட்ரோல் டேங்கும் கூடவே இருப்பதால் நடுவழியில் நிற்கும் பயம் கிடையாது. சரக்கு வண்டிகள் சிலவற்றில் மட்டும் பெட்ரோல் டேங்க் 5 லிட்டர்தான். அவசரத்துக்கு மட்டும் என்று பொருள்.

பிக்கப் குறையும். அதே வேகன் ஆர் எஞ்சின் பெட்ரோலில் ஏறக்குறைய 67 குதிரைத்திறன் தருவது, சிஎன்ஜியில் 57-க்கு இறங்கிவிடுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் இடத்தில் ஒரு பங்கை வாயுவே பிடித்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் எரிப்பும் குறையும். மீத்தேனுக்கு ஆக்டேன் அளவு, அதாவது எஞ்சினுக்குள் அழுத்தும்போது முன்கூட்டியே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன், பெட்ரோலைவிட மிக அதிகம், அதற்கேற்ற எஞ்சினில் நன்றாகவே இழுக்கும். ஆனால் நம் கார்களின் எஞ்சின் பெட்ரோலையும் எரித்தாக வேண்டும், அதனால் அந்த நன்மை வீணாகிறது. உருளையின் எடையும் சேர்ந்து கார் ஏறக்குறைய 90 கிலோ கனமாகிறது.

சென்னை நெரிசலில் இது பெரிதாகத் தெரியாது. நான்கு பேர் ஏறி, ஏசி போட்டு, ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது தெரியும். மலை ஏறும்போதும், ஒற்றைச் சாலையில் லாரியை முந்தும்போதும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் ஒரு பொத்தான்தான். மலைமேல் சிஎன்ஜி கிடைக்கும் என்று நம்பியும் போகாதீர்கள். அடிவாரத்திலேயே இரண்டு எரிபொருளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி கிட்டா, வெளியே மாட்டுவதா?

புது வண்டி என்றால் கம்பெனியே பொருத்தித் தருவதை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சஸ்பென்ஷன், வயரிங், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் அதற்காகவே அமைத்தவை, வாரண்டியும் போகாது.

ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காருக்கு வெளியே கிட் மாட்டலாம். பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிகளுக்கும் 2022-இல் அனுமதி வந்துவிட்டது. ஆனால் எந்தக் கிட்டையும் எந்த வண்டிக்கும் மாட்ட முடியாது. உங்கள் மாடலுக்கென்று அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், மாட்டும் நிலையமும் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கீகாரச் சான்றின் நகலையும், உருளையின் சோதனைச் சான்றையும், கிட்டின் வரிசை எண் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மாற்றிப் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்து, கிட்டின் மதிப்பையும் பாலிசியில் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கிட் மதிப்பில் 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம். இந்தச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்த ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்தால் கிளெய்ம் தள்ளுபடியாக அது ஒன்றே போதும்.

வீட்டு சமையல் சிலிண்டரை டிக்கியில் வைத்து ஓட்டும் வித்தையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது சட்டவிரோதம், நடமாடும் வெடிகுண்டும்கூட.

இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2024 ஜூலையில் பஜாஜ் ஃப்ரீடம் 125 வந்தது, சிஎன்ஜியில் ஓடும் உலகின் முதல் மோட்டார்சைக்கிள் என்ற பெயரோடு. சீட்டுக்கடியில் 2 கிலோ உருளை, கூடவே 2 லிட்டர் பெட்ரோல் டேங்க். பொருள் விநியோகம், மார்க்கெட்டிங் என்று நாள் முழுக்க வண்டியிலேயே இருக்கிறவர்களுக்கு யோசிக்கத் தக்கது. அலுவலகம் போய்வருவதற்கு மட்டும் என்றால், ஏற்கெனவே லிட்டருக்கு ஐம்பது, அறுபது கொடுக்கும் 100 சிசி பைக்கோடு ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் தடவை நிரப்பும்போது

எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரும் இறங்கிவிட வேண்டும். தூங்கும் குழந்தை, முட்டிவலிப் பாட்டி யாரானாலும். 200 பார் அழுத்தத்தில் ஏதாவது இணைப்பு பிய்ந்துகொண்டால் காருக்குள் இருப்பவர்களுக்குத் தப்பிக்க நேரமிருக்காது, அதற்காகத்தான் இந்த விதி. “பாட்டி மட்டும் உள்ளேயே இருக்கட்டும் தம்பி” என்று ஊழியரிடம் வாதாட வேண்டாம். இறக்கி, பத்தடி தள்ளி நிற்க வையுங்கள். கைபேசியும் பீடியும் அங்கே வேண்டாம்.

மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பி முடித்துக் குழாயைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வரும். இணைப்பில் சிக்கிய கொஞ்சம் வாயு வெளியேறுவது அது, பயப்பட வேண்டியதில்லை. ‘புஸ்’ நிற்காமல் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும். நிரப்பும் வாயின் ரப்பர் மூடியைத் திரும்பப் போட்டார்களா என்று பாருங்கள். தூசி போனால் உள்ளே இருக்கும் வளையம் கெட்டு அங்கேதான் முதல் கசிவு வரும்.

புதிதாக வாங்கியவர்கள் பங்க்கிலேயே திகைத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எரிபொருள் நிரப்பும் இடத்தின் வெளி மூடி சரியாக மூடவில்லை என்று பொருள். குழாயோடு வண்டியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, மூடி திறந்திருந்தால் எஞ்சின் ஓடாதபடி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இறங்கி அழுத்தி மூடுங்கள், சரியாகிவிடும்.

ரசீதில் இருக்கும் கிலோ கணக்கையும் ஓடோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சிஎன்ஜி அளவைக் காட்டும் விளக்குகள் அவ்வளவு நம்பகமானவை அல்ல. நான்கு புள்ளி மூன்றாவதற்கு எவ்வளவோ தூரம் ஓடும், ஒரு புள்ளியிலிருந்து காலியாவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

அன்றாட ஓட்டமும் சர்வீசும்

பெரும்பாலான வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, எஞ்சின் சூடேறியதும் தானாகவே வாயுவுக்கு மாறும். டாடா வண்டிகள் நேரடியாக சிஎன்ஜியிலேயே ஸ்டார்ட் ஆகும். எந்த வண்டியானாலும் பெட்ரோல் டேங்க்கைக் காயவிடாதீர்கள். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்து வேலை செய்யும்படி அமைத்தது. கால் டேங்க்காவது இருக்கட்டும். வாரம் ஒருமுறை கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டினால் இன்ஜெக்டர்கள் அடைத்துக்கொள்ளாது, டேங்க்கில் பெட்ரோலும் பழசாகாது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே கார் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சூடேறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் நீங்கள் ஓட்டியது முழுக்கப் பெட்ரோலில்தான்.

வாயு சுத்தமாக எரிவதால் எஞ்சின் ஆயில் அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. ஆனால் வாயு உலர்ந்த எரிபொருள், எரியூட்டக் கொஞ்சம் வலுவான பொறி தேவை. ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும் பெட்ரோல் வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். ஏர் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்பும் மைலேஜும் உடனே விழும். பிஸ்டன் நன்றாக இருந்தும் வண்டி விக்கினால் முதலில் பிளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீசிலும் இணைப்புகளில் கசிவு பார்த்தார்களா என்று கேளுங்கள். ஜாப் கார்டில் டிக் போட்டால் மட்டும் போதாது, எதிரிலேயே பார்க்கச் சொல்லுங்கள். டிக்கி உருளையை இறுக்கும் பட்டைகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் நீங்களே கையால் அசைத்துப் பார்க்கலாம். டிங்கரிங், பெயின்டிங்குக்கு விட்டால் உருளையைக் கழற்றி வைத்தபிறகுதான் வெல்டிங்கும் சூட்டு அறையும். பட்டறைக்காரர் ‘காலி சிலிண்டர்தான் சார்’ என்பார். காலி உருளைக்குள்ளும் வாயு இருக்கும்.

நாற்றம் வந்தால்

மீத்தேனுக்கு நாற்றமே கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக அழுகின முட்டைபோல நாறும் மெர்கேப்டனைக் கலந்துவிடுகிறார்கள். ஓட்டும்போது அந்த வாடை வந்தால் கண்ணாடிகளை இறக்குங்கள், ஓரமாகத் திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், எல்லோரையும் இறக்குங்கள். லைட், ஏசி, எதையும் போட்டு அணைக்க வேண்டாம். உருளையின் வால்வில் கையால் திருகி மூடும் அமைப்பு இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வண்டி வாங்கிய அன்றே டெலிவரி தருபவரைக் காட்டச் சொல்லுங்கள். நடுரோட்டில், இருட்டில், கையேட்டைப் புரட்டிக் கற்றுக்கொள்ளும் பாடமல்ல அது. மூடிவிட்டு, வாடை முழுக்கப் போனபிறகு பெட்ரோலில் ஓட்டி சர்வீஸ் நிலையம் போய்விடலாம்.

பயம் எவ்வளவு நியாயம்? மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய 540 டிகிரி சூடு தேவை, பெட்ரோலுக்கு அதில் பாதியே போதும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால்தான் எரியும், திறந்த வெளியில் மேலே போய்விடும். உருளையும் தடித்த இரும்பு, தீப்பிடித்தால் வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்றும் அடைப்பும் அதில் உண்டு. எனக்கு அதிகக் கவலை தருவது உருளை அல்ல, வெளியே மாட்டிய கிட்டுக்காக வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய வயரிங்தான். மூடிய ஷெட்டில் நிறுத்துகிறவர்கள் சுவரின் மேல்பகுதியில் காற்றோட்டம் விட வேண்டும். கசிந்த வாயு கூரையில் போய்த் தங்கும், கீழே ஜன்னல் இருந்து பயனில்லை.

காற்றுக்கு நல்லதா?

புகையும் நுண்துகளும் மிகக் குறைவு. டெல்லி பேருந்துகளை இதற்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1998 ஜூலை 28 அன்று உத்தரவிட்டது கறுப்புப் புகையை ஒழிக்கத்தான். கெடுக்கள் தள்ளிப்போய், 2002 முடிவில்தான் அந்த மாற்றம் நிறைவேறியது. அதே ஆற்றலுக்குக் கரியமில வாயுவும் பெட்ரோலைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். கிணற்றிலும் குழாயிலும் பங்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் அந்த ஐந்தில் ஒரு பங்கு லாபம் கரைந்துபோகும். தெருவில் மூச்சு விடுகிறவருக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்லலாம். பூமிக்கு நல்லது என்று அதே உறுதியோடு விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை, பிறகு பழைய வண்டிச் சந்தை

உருளையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் ஹைட்ரோ டெஸ்ட் செய்தாக வேண்டும். உருளையைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட மிக அதிகமாக ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் அடுத்த சோதனைத் தேதி பொறித்த தகடு ஒன்று நிரப்பும் வாய்க்கு அருகே வரும். தேதி தாண்டிய வண்டிக்கு நிரப்ப மறுக்கும் உரிமை பங்க் ஊழியருக்கு உண்டு. வரிசையில் காத்துக் கிடந்தபின் அதைக் கேட்பது எரிச்சலாகத்தான் இருக்கும். சோதனை முடிய ஓரிரு நாள் ஆகலாம், டாக்சிக்காரர்கள் அந்த நாள் வருமானத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் சிஎன்ஜி கார் பார்க்கப் போனால் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்குமுன் அந்தத் தகட்டைப் பாருங்கள். உருளையின் கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணும் சான்றில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆர்.சி.யில் ‘பெட்ரோல்/சிஎன்ஜி’ என்று இருக்க வேண்டும், வெறும் ‘பெட்ரோல்’ என்றிருந்தால் கிட் பதியப்படாதது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பட்டைகளுக்கு அடியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அங்கே தெரியும். வண்டி சில்லென்று இருக்கும்போது முதலில் பெட்ரோலில் ஓட்டிப் பாருங்கள். வருடக்கணக்கில் வாயுவிலேயே ஓட்டியவர்களின் வண்டி பெட்ரோலில் திணறும், அந்தச் செலவு உங்கள் தலையில் வந்து விழும். சூடேறியதும் வாயுவுக்கு மாறும்போது குலுங்குகிறதா என்று கவனியுங்கள். டாக்சியாக ஓடிய வண்டியா என்பதை ஆர்.சி.யின் பழைய பதிவில் பாருங்கள். மூன்று வருடத்தில் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் சிஎன்ஜி வண்டியை விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர் எதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து சிஎன்ஜி வாங்கினார்? பதில் சரியாக இல்லையென்றால் மீட்டரை நம்பாமல் சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள்.